ஒரு கம்பத்துக்கு ஒரு குரல்

ஹிசகாவா நகரத்தில் யாராவது வழி தவறினால் மேற்கே மலைப் பக்கம் தவறினால்தான் உண்டு. கிழக்கே தவறிப்போக வழியே கிடையாது. அந்தப் பக்கம் முழுக்கச் சமவெளி. வயல், வயலைத் தின்றுவிட்டு எழுந்த வீடுகள், வீடுகளுக்கு நடுவே ரயில் நிலையம், தெருவுக்குத் தெரு குளிர்பான இயந்திரம். தொலைந்துபோக வேண்டும் என்று ஆசைப்பட்டு ஒருவர் கிளம்பினாலும், யாராவது குனிந்து வணக்கம் சொல்லி, குடையும் பிடித்து, வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். மேற்கே அப்படியில்லை. கடைசி வீட்டுவரிசையின் குப்பைக் கூண்டைத் தாண்டியதும் தேவதாருக் காடு தொடங்கிவிடும். நாலு வளைவு ஏறிவிட்டால் கீழே ஒரு நகரம் இருக்கிறது என்பதையே மறந்துவிடலாம். மறதிக்காரர்களுக்கு அது போதும்.

வேலைக்குத் தோக்கியோ, தூக்கத்துக்கு ஹிசகாவா என்று ஒருகாலத்தில் இளம் ஜோடிகள் வந்து வீடு கட்டிய ஊர் அது. ஜோடிகள் கிழடாகிவிட்டன. பிள்ளைகள் வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு, விளையாடுகிற பிள்ளைகள் வீடு திரும்ப வேண்டும் என்று ஊர் ஒலிபெருக்கியில் ஒரு மெல்லிசை ஒலிக்கும். திரும்புவதற்குப் பிள்ளைகள் இல்லாவிட்டாலும் இசை தவறாது. அது ஓய்ந்த கையோடு அறிவிப்பு வரும். எண்பது வயதுப் பெரியவர், சாம்பல் நிற மேல்சட்டை, மதியத்திலிருந்து காணவில்லை, பார்த்தவர்கள் தெரிவிக்கவும். எப்போதாவது வந்துகொண்டிருந்த அறிவிப்பு, போகப் போக வானிலை அறிக்கை மாதிரி தினசரிச் சங்கதியாகிவிட்டது. பாதிப் பேரை உயிரோடு கண்டுபிடித்தார்கள்.

இதற்கு நகராட்சி கண்டுபிடித்த வைத்தியம்தான் அழைப்புக் கம்பங்கள். மலைப்பாதை ஒவ்வொன்றிலும், வளைவுக்கு ஒன்றாக நட்டார்கள். அவற்றைச் செய்து பராமரிக்கிற நிறுவனத்தில் காந்திமதி பொறியாளர். திருநெல்வேலிக்காரி. கல்யாணமான கையோடு கணவனுடன் வந்தவள், இருபது வருஷத்துக்கு மேல் அந்த ஊரிலேயே இருந்துவிட்டாள்.

பக்கத்து வீட்டு இவாசேக்கு மறதி முற்றியபோது, அவரைப் பதிவு செய்ய அவள்தான் போனாள். ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். தன் தோட்டத்துச் சீமைப் பனிச்சைப் பழங்களைப் பையில் போட்டு இவள் வீட்டுக் கதவில் மாட்டிவிட்டுப் போவார். மாட்டியதை மறந்து, மறுபடியும் மாட்டுவார். அன்று அவருடைய மகளும் வெளியூரிலிருந்து வந்திருந்தாள்.

"இந்தக் கம்பம் என்ன செய்யும்?" என்று கேட்டார் இவாசே.

"நீங்க காட்டுப் பாதையில கால் வச்சதும், உங்க காலணியில வச்சிருக்கிற இந்தச் சில்லு அதுக்குச் சொல்லிடும். கம்பம் உங்களைக் கூப்பிடும்."

"போலீஸ்காரன் மாதிரிக் கூப்பிட்டா நான் வரமாட்டேன்."

"உங்க மனைவி கூப்பிடுவாங்க."

இவாசே அவளைப் பார்த்தார். "சடாயோ செத்துப்போயிட்டாளே. அதுகூடவா எனக்கு மறந்துபோச்சு?"

"இல்லை, உங்களுக்குச் சரியாத்தான் ஞாபகம் இருக்கு. அவங்க பேசின பழைய வீடியோவெல்லாம் உங்க மகள் கொடுத்தாங்க. அதிலிருந்து குரலையும் பேச்சு வழக்கத்தையும் எடுத்திருக்கோம். நீங்க கேட்டா பதில் சொல்லும். ஆனா எங்க தொடங்கினாலும், வீட்டுக்கு வாங்கன்னுதான் பேச்சை முடிக்கும்."

"அப்போ அது சடாயோவேதான்," என்றார் இவாசே. "கல்யாணமான நாள்லேர்ந்து எல்லாப் பேச்சையும் அவ அப்படித்தான் முடிப்பா."

மகள் சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "ஒரே நேரத்துல ரெண்டு பேர் போனா என்ன ஆகும்?"

"ஒரு கம்பத்துல ஒரு குரல்தான். சோதனை பண்ணினப்போ ரெண்டு குரலை ஒண்ணா விட்டுப் பார்த்தோம். பெரியவங்க மிரண்டு அழுதுட்டாங்க. இறந்தவங்க எல்லாரும் கூட்டமா வந்து நிக்கிற மாதிரி இருந்ததாம். அதனால முதல் ஆள் திரும்பின பிறகுதான் அடுத்தவருக்கு. காத்திருக்கிறவர் இருந்தா கம்பத்துல மஞ்சள் விளக்கு எரியும். முறைப்பணியில இருக்கிற எங்க ஆளுக்குக் கைப்பேசியில செய்தி வரும். உடனே ஓடிப் போயிடுவோம்."

"சும்மா நடக்கப் போறவங்க நின்னு எங்க அம்மாகிட்ட பேச்சுக் கொடுத்தா?"

"கொடுக்க முடியாது. பதிவு செஞ்சவர் பேச்சு மட்டும்தான் கம்பத்துக்குக் கேட்கும். மத்தவங்க என்ன பேசினாலும் அதுக்கு இரைச்சல். காத்து, ஓடைத் தண்ணி மாதிரி."

இரண்டு விதிகளுமே காந்திமதி எழுதியவை. ஊரார் பொழுதுபோக்குக்கு அடுத்தவர் வீட்டுப் பிணம் பதில் சொல்லக்கூடாது என்று ஒவ்வொரு ஆலோசனைக் கூட்டத்திலும் உட்கார்ந்து வாதாடி வாங்கியிருந்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அவளுக்கும் ஒரு மகள் இருந்தாள். பெயர் வடிவு. கணவன் நயினாரின் அம்மா பெயர். ஜப்பானியப் பள்ளியில் அந்தப் பெயரை யாருக்கும் உச்சரிக்க வரவில்லை. வடிவு, "பாதிபு" ஆனாள். அவளும் சிரித்துக்கொண்டே, எனக்கு வயசு பாதி, அறிவு முழுசு என்பாள். தமிழை அம்மா அப்பாவிடம் மட்டுமே கேட்டு வளர்ந்ததால், திருநெல்வேலியில் இருக்கிற சித்தி பிள்ளைகளே விட்டுவிட்ட பேச்சை அவள் ஹிசகாவாவில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். யப்பா என்பாள். யம்மா என்பாள். பதினாறு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. வெள்ளிக்கிழமை தலைவலி என்று படுத்தவள், அடுத்த வெள்ளிக்கிழமை இல்லை. அது நடந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள் என்பதைத் தவிரச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. சண்டைகூட இல்லை. சண்டை போடவாவது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டும். பார்த்தால் அங்கே வடிவின் மூக்கு இருந்தது, வடிவின் புருவம் இருந்தது. அதனால் பார்க்காமலே சோறு போட்டுக்கொண்டார்கள், பார்க்காமலே துணி மடித்தார்கள்.

நயினார் பாலங்கள் வரைகிற நிறுவனத்தில் நல்ல பதவியில் இருந்தார். இந்த வருஷம் வசந்தகாலத்தில் ஒருநாள் அவர் வேலை முடிந்து வீட்டுக்கு வரவில்லை. கைப்பேசியும் அணைந்திருந்தது. காந்திமதி பயந்துபோய்ப் போலீஸுக்குச் சொன்னாள். ஐம்பத்திரண்டு வயது இந்தியர் ஒருவரைக் காணவில்லை என்று ஊர் ஒலிபெருக்கி அறிவித்தது. அறிவிப்பு முடிவதற்குள் அவரே மலைப்பாதையில் இறங்கி வந்தார். கால்சட்டையெல்லாம் சேறு.

"எங்க போயிருந்திய?"

"நினைப்பு இல்லாம நடந்துட்டேன்," என்றார்.

நாள் முழுக்க மறதிக்காரர்களோடு புழங்குகிறவளுக்கு அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. மறுநாளே மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். துக்கமாகவும் இருக்கலாம், நோயின் தொடக்கமாகவும் இருக்கலாம், எதற்கும் பதிவு செய்து வையுங்கள் என்றார் மருத்துவர். பதிவு செய்கிற இடத்தில் எல்லாரையும் கேட்கிற கேள்வியை இவளையும் கேட்டார்கள். யார் கூப்பிட்டால் இவர் வீட்டுக்குத் திரும்புவார்?

அவள் தன் பெயரைச் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. தான் கூப்பிட்டு அவர் திரும்பமாட்டார் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. கைப்பேசியில் இருந்த வடிவின் குரல்களையெல்லாம் சக ஊழியரிடம் கொடுத்தாள். செய்து முடித்த குரலைச் சரிபார்க்கக் கூப்பிட்டபோது, நீங்களே பார்த்துவிடுங்கள் என்று எழுந்து போய்விட்டாள்.

அதன் பிறகு நயினாருக்கு மறதி வேகமாக முற்றியது. அடுப்பை அணைக்க மறந்தார். கிழமை மறந்தார். வரைபடத்தில் அளவு மாறியதென்று அலுவலகத்தில் மரியாதையாக வீட்டுக்கு அனுப்பினார்கள். கார் ஓட்டும் உரிமத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். ஒருநாள் காலையில் அவள் தேநீர் கொண்டுபோய் நீட்டியபோது, கோப்பையை வாங்கிக்கொண்டு, "நீங்க யாரும்மா?" என்று கேட்டார். காந்திமதி சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். தண்ணீர் சத்தத்தில் தன் அழுகை தனக்கே கேட்காது என்பது ஒரு சௌகரியம்.

ஆனாலும் ஒரு ஆறுதல் இருந்தது. சாயங்காலமானால் மலைப் பக்கம் போய்விடுகிறவர், இருட்டுவதற்குள் தவறாமல் திரும்பி வந்தார். முகமும் தெளிவாக இருந்தது. கம்பம் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டாள். செத்தும் மகள் அப்பாவைப் பார்த்துக்கொள்கிறாள் என்றும் நினைத்தாள். அதை நினைக்கும்போது கொஞ்சம் பொறாமையும் வந்தது. அதை யாரிடம் சொல்ல முடியும்?

நவம்பர் மாதத்தில் ஒரு நாள். அன்று மேற்குப் பாதைக்குக் காந்திமதிதான் முறைப்பணி. ஐந்து மணி இசை ஓய்ந்து வெகுநேரமாகியும் நயினார் கீழே வரவில்லை. குளிர் வேறு கூடிக்கொண்டிருந்தது. கைவிளக்கை எடுத்துக்கொண்டு அவளே ஏறினாள். கரடி எச்சரிக்கைப் பலகையைத் தாண்டி, முதல் கம்பம், இரண்டாவது கம்பம் எல்லாம் அமைதியாக இருந்தன. கடைசிக் கம்பம் இருக்கிற வளைவுக்குக் கொஞ்சம் கீழே வந்தபோது பேச்சுக் குரல் கேட்டது.

"யப்பா, குளுருது. வீட்டுக்குப் போங்க."

காந்திமதியின் கால் அப்படியே நின்றுவிட்டது. மூன்று வருஷமாகக் கேட்காத குரல். பக்கத்து அறையிலிருந்து பேசுகிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகக் கேட்டது.

"போறேன்ட்டி. கொஞ்சம் இரு," என்றார் நயினார். கம்பத்தடியில் கல்லில் உட்கார்ந்திருந்தார். "இன்னைக்கு மத்தியானம் உங்க அம்மா சொதி வச்சிருந்தா. நல்ல தேங்காப்பால் வேணும்னு ரயிலேறிப் போய் அந்த வங்காளி கடையில வாங்கிட்டு வந்திருக்கா. எனக்காகத்தான். நான் என்ன செஞ்சேன் தெரியுமா? வழிச்சு நக்கித் தின்னுட்டு, இது யாரு சமைச்சதுன்னு கேட்டேன்."

"ஏன் யப்பா அப்படிக் கேட்டிய?"

"வேற என்னட்டி செய்ய? போன வாரம் டாக்டர், நீங்க கொஞ்சம் தேறியிருக்கிய மாதிரி இருக்குன்னு சொல்லிட்டார். நான் தேறிட்டா உன்னைய அழிச்சுருவாங்களே."

"அம்மா அழுதாளா?"

"அழுதிருப்பா. எனக்கு முன்னால அழமாட்டா."

"வீட்டுக்குப் போங்க யப்பா. அம்மா தேடுவா."

காந்திமதிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது உண்மைதான், ஆனால் அது எங்கோ தூரத்தில் நின்றுகொண்டது. அம்மா அழுதாளா என்று மகள் கேட்டது மட்டும்தான் காதில் இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி அதிர்ந்தது. கடைசிக் கம்பத்தருகே பதிவு பெற்ற இன்னொருவர் காத்திருக்கிறார் என்று செய்தி. நிமிர்ந்து பார்த்தாள். கம்பத்தின் தலையில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

செய்ய வேண்டியது அவளுக்குத் தெரியும். ஊழியர்களுக்குப் பாடமெடுத்ததே அவள்தான். முதல் ஆளைக் கையைப் பிடித்துக் கீழே கூட்டிப்போக வேண்டும். அடுத்த கணமே கம்பம் காத்திருப்பவரைக் கூப்பிடும். "நேரில் கவனிக்கப்படுகிறது" என்ற பொத்தானை அழுத்தினாள். அது பொய்யில்லை. இதோ, கூட்டிக்கொண்டு போகத்தான் போகிறாள். வேறு ஊழியர் யாரும் இனி வரமாட்டார்கள். கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு வெளிச்சத்துக்கு வந்தாள்.

"வடிவு," என்றாள்.

நயினார் திடுக்கிட்டு எழுந்தார். கம்பம் ஒன்றும் சொல்லவில்லை.

"வடிவு, அம்மா வந்திருக்கேன்ட்டி."

"இருட்டிட்டு யப்பா. வழியில கல்லு கிடக்கும், பாத்துப் போங்க," என்றது கம்பம்.

காந்திமதி தன் கணவனைப் பார்த்தாள். பார்த்து எத்தனையோ காலமாகியிருந்தது. "எப்போலேர்ந்து இந்த நாடகம்?"

"தொடக்கத்துலேர்ந்தே," என்றார் அவர். "அன்னைக்கு நான் வழி தவறல காந்தி. வீட்டுக்கு வர மனசில்லாம இங்க வந்து உக்காந்திருந்தேன். நீதான் ஊரையே கூட்டிட்ட. அப்புறம் பதிவு பண்ணின. ஒருநாள் சும்மா இந்தப் பக்கம் வந்தேன். யப்பான்னு கூப்பிட்டா. நான் என்ன செய்யணும்னு சொல்லுத? கேக்காத மாதிரித் திரும்பி வந்துரணுமா?"

"என்னைய யாருன்னு கேட்டிய."

நயினார் தலையைக் குனிந்துகொண்டார்.

"இத்தனை மாசமா உங்களைப் பறிகொடுத்துட்டேன்னு நெனச்சு நான் தனியா அழுதுக்கிட்டிருந்தேன். வேலைய விட்டிய. மானம் மரியாதையெல்லாம் விட்டிய. இதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் உங்ககூட வந்து நின்னுருப்பேனே."

"சொன்னா நீ நிறுத்திருவ. உன் வேலை அது."

அது உண்மைதான். கையைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டிய நேரம் அது. அவள் கம்பத்தை அண்ணாந்து பார்த்தாள். "அவளை ஒரு தடவ என்னைய யம்மான்னு கூப்பிடச் சொல்லுங்க. நான் சொன்னா அவளுக்குக் கேக்காது."

"வடிவு, அம்மா வந்திருக்காட்டி. அம்மாவக் கூப்பிடு."

"அம்மா வீட்லதான இருப்பா. போங்க யப்பா, தேடுவா."

"இல்லட்டி, இங்க நிக்கா. என் பக்கத்துல நிக்கா. ஒரு தடவ கூப்பிடு."

"யப்பா, விளையாடாதிய. வீட்டுக்குப் போங்க."

மறுபடி மறுபடி கேட்டார்கள். கெஞ்சினார்கள். நயினார் அதட்டினார், செல்லம் கொஞ்சினார். எப்படிக் கேட்டாலும் குரல் வீட்டுக்குத்தான் வழி சொன்னது. அதை அப்படிச் செய்தவள் அங்கேயேதான் நின்றிருந்தாள். கடைசியில் இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதார்கள். மகள் இறந்த நாளில்கூட அவர்கள் அப்படிச் சேர்ந்து அழவில்லை. மேலே மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அது எப்போது அணைந்தது என்று இருவருமே கவனிக்கவில்லை.

மறுநாள் காலையில் இவாசேயை ஓடையில் கண்டெடுத்தார்கள்.

பாதையை விட்டுக் காட்டுக்குள்ளேயே ஏறி, கடைசிக் கம்பத்துக்கு எதிர்ப்புறச் சரிவில் அவர் வெகுநேரம் நின்றிருக்கிறார். புல் மிதிபட்டிருந்தது. கூப்பிடும் கூப்பிடும் என்று காத்திருந்துவிட்டு, யாரும் கூப்பிடாததால் இருட்டில் தானாகவே வீடு தேடிப் போயிருக்கிறார். வீடு என்று நினைத்துப் போன திசையில் பள்ளம் இருந்தது.

அலுவலகத்தில் அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நோயாளிக் கணவரையும் கூட்டிவர வேண்டும், முறைப்பணியையும் பார்க்க வேண்டும் என்றால் ஒரு மனிதரால் எவ்வளவுதான் முடியும்," என்று மேலாளர் தகிசாவா எல்லோர் முன்னாலும் சொல்லிக் குனிந்தார். எல்லோரும் குனிந்தார்கள். அவளும் குனிந்தாள். இறுதிச் சடங்கில் இவாசேயின் மகள் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்கு அந்தக் குளிர்லயும் நீங்க மலையில இருந்தீங்களாம். அப்பாவுக்காக ரொம்பக் கஷ்டப்பட்டுட்டீங்க." காந்திமதிக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் என்று இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது நயினார் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

"கம்பத்துல ஒரு விளக்கு எரிஞ்சுதே, மஞ்சளா," என்றார். "அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாது காந்தி. சத்தியமாத் தெரியாது."

"எனக்குத் தெரியும்," என்றாள் அவள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். வேறெதுவும் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். பிறகு, "எல்லாரையும் மறுபடி பரிசோதிக்கப் போறாங்களாம். வீட்டுக்கே வாராங்களாம். கேட்டதுக்கெல்லாம் நான் சரியாப் பதில் சொல்லப்போறேன்," என்றார்.

"சொல்லுங்க."

"அவளை அழிச்சுருவாங்க."

"ஆமா."

"அந்த மனுசன் நிக்க வேண்டிய இடத்துல நான் நின்னுட்டேன். இனிமேயும் நின்னா நான் மனுசனே இல்ல." சொல்லிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டார். காந்திமதி அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். சரியானதைச் செய்கிற ஒருவரோடு வாழ்கிறோம் என்ற எண்ணம் அவளுக்கு வந்தது. அதோடு, அந்தக் குரல் தன்னை ஒருமுறைகூடக் கூப்பிடாமல் போகப்போகிறது என்ற எண்ணமும் வந்தது. இரண்டாவதுதான் மனதில் தங்கியது. பழைய பதிவுகள் கைப்பேசியில் இருந்தன, கேட்டுப் பார்த்தாள். யம்மா, வர லேட்டாகும். யம்மா, சார்ஜர் எங்க? என்றோ கேட்ட கேள்விகள். இப்போது பதில் சொன்னால் கேட்டுக்கொள்ள அந்தப் பக்கம் யாரும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து மருத்துவரும் நகராட்சி அதிகாரி நிஷிமோதோவும் வந்தார்கள். வாசலில் காலணியைக் கழற்றி, நுனி வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். மருத்துவர் வயதான பெண்மணி. இதமாகப் பேசினார்.

நயினார் தேதியைச் சொன்னார். கிழமையைச் சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வந்தார். ஜப்பானில் கட்டிய முதல் பாலத்தின் பெயரைச் சொன்னார்.

"குழந்தைகள்?"

"ஒரே மகள். வடிவு." அடுத்த கேள்விக்குக் காத்திராமல் தொடர்ந்தார். "இறந்துட்டா. மூளைக்காய்ச்சல். நான் அதை மறக்கவே இல்லை."

மருத்துவர் மகிழ்ச்சியோடு தலையசைத்தார். நிஷிமோதோ எழுந்து நின்றே குனிந்து வாழ்த்துச் சொன்னார். தேவை தீர்ந்தவர்களின் அழைப்புக் குரலை வைத்திருக்கச் சட்டத்தில் இடமில்லை என்பதால், நாளைக்குள் அது நீக்கப்படும் என்று வருத்தத்தோடு தெரிவித்தார். நயினார் தலையாட்டினார். அவர் கைகள் முழங்காலை இறுக்கிப் பிடித்திருந்தன.

"பராமரிக்கிறவங்களையும் ரெண்டு கேள்வி கேட்கணும்னு இப்போ புது நடைமுறை," என்று மருத்துவர் காந்திமதியின் பக்கம் திரும்பினார். "சோர்வு அவங்களுக்குத்தான் அதிகம். தப்பா நினைக்காதீங்க. இது எந்த மாதம்?"

ஜன்னலுக்கு வெளியே இவாசேயின் தோட்டத்து மரம் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு நின்றது. பறிக்க ஆளில்லாத பழங்களைக் காகங்கள் கொத்திக்கொண்டிருந்தன. காந்திமதி அதை நன்றாகப் பார்த்தாள்.

"ஏப்ரல்," என்றாள்.

மருத்துவரின் முகம் மாறவில்லை. பழகிய முகம். "இந்த வீட்டுல யாரெல்லாம் இருக்கீங்க?"

"நான், இவர், எங்க மகள்." காந்திமதி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "பள்ளிக்கூடம் போயிருக்கா. இப்போ வந்துடுவா. நீங்க இருந்து பாத்துட்டுப் போகலாம்."

நிஷிமோதோ தன் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நயினார் மனைவியின் பக்கம் மெல்லத் திரும்பினார். அவள் கண்ணை எடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை போதும். இவள் பொய் சொல்கிறாள், இவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது என்று அவர் சொன்னால் அவளைப் பதிவு செய்யமாட்டார்கள், எல்லாம் முடிந்துவிடும். இந்த மலைப்பாதையில் இன்று சாயங்காலம் தொலையப்போகிற யாரோ ஒருவருக்கு அது நல்லது. இது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"நயினார்-சான்," என்றார் மருத்துவர் மிக மெல்ல. "இது எப்போதிலிருந்து?"

அவர் மருத்துவரின் பக்கம் திரும்பினார்.

"மூணு வருஷமா," என்றார். "நான்தான் யார்கிட்டயும் சொல்லல."